கேமில் அடக்க முடியாதவர்கள்: கிளிநொச்சிக் கேம் கடைக்காரனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில், கரடிப்போக்குச் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே, 2012 முதல் 2019 வரை ஒரு சின்னக் கேம் கடை வைத்திருந்தேன். இரண்டு பிளேஸ்ரேசன் 2, ஒரு பழைய கொம்பியூட்டர், தகரக் கூரை, ஒரு மேசை விசிறி. மணித்தியாலத்துக்கு 40 ரூபாய். எல்லோர் கையிலும் போன் வந்த பிறகு கடை தானாக மூடிக்கொண்டது. கேள்விகள் மட்டும் நிற்கவில்லை. அன்று ரியூசனுக்குப் போகாமல் என் வாசலில் நின்ற பெடியள் இன்று கட்டாரிலும் கனடாவிலும் இருந்துகொண்டு நடுச்சாமத்தில் குரல் செய்தி அனுப்புகிறார்கள்: “அண்ணை, எல்லாக் கேமிலையும் பெரிய ஆள் ஆர்?” ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போனேன். அதனால்தான் இந்தப் பக்கம்.

பெரிய ஆள் என்றால் மெஸ்சியா, ரொனால்டோவா?

இரண்டு பேரும் இல்லை. கோபப்படாமல் கேளுங்கள்.

கேம் செய்கிற கம்பனி ஒரு வீரனை எடுத்து அவனை இலக்கங்களாக உடைக்கிறது. ஓட்டம் இவ்வளவு, உதை இவ்வளவு, பாரம் தாங்கும் பலம் இவ்வளவு. பெரும்பாலான கேம்களில் உச்சம் 99. மெஸ்சிக்கு ஃபிஃபா 12 என்ற உதைபந்தாட்டக் கேமில் மொத்தமாக 94 கொடுத்தார்கள். அந்த நேரத்தில் அதற்கு மேல் யாரும் இல்லை. ஆனால் நீங்கள் பார்சிலோனாவை எடுத்தால் எதிரே இருப்பவன் ரியல் மாட்ரிட்டை எடுப்பான். அங்கே ரொனால்டோ நிற்பார். இரண்டு பக்கமும் சரிக்குச் சரி, ஆட்டம் ஆட்டமாகவே இருக்கும்.

நான் சொல்கிற ஆள் வேறு ரகம். எல்லாவற்றிலும் நல்லவன் என்பதில்லை. ஏதோ ஒரு இலக்கம் மட்டும் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கும், அந்த ஒன்றுக்கு அந்தக் கேமுக்குள் மறுமருந்தே இருக்காது. என் கடையில் இதற்கு ஒரு சோதனை இருந்தது. அந்த ஆளை எடுத்தால் பெடியளுக்குள் அடிபாடு வருமா? வந்தால் அவன்தான்.

அப்படியென்றால் உங்கள் கடையில் அடிபாடு யாரால் வந்தது?

அட்ரியானோ. வேறு பேச்சே இல்லை.

2006 இல் வெளிவந்த புரோ எவலூசன் சொக்கர் 6 என்ற உதைபந்தாட்டக் கேம். புதுக் கேம்கள் எத்தனையோ வந்த பிறகும் எங்கள் பக்கத்தில் அதைத்தான் கேட்டார்கள். அதில் இன்ரர் மிலானுக்கு விளையாடும் பிரேசில்காரர் அட்ரியானோவுக்கு உதையின் பலம் 99. அந்தக் கேமில் 95 க்கு மேல் போன இலக்கங்கள் சிவப்பு நிறத்தில் தெரியும். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத நாலாம் வகுப்புப் பிள்ளைகூட அந்தச் சிவப்பைக் கண்டு ஆளைப் பிடித்துவிடும்.

எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். நடுக்கோட்டைத் தாண்டிப் பத்தடி போனதும் பந்து அட்ரியானோவின் இடது காலுக்கு வரும். எதிராளி இன்னும் தூரம் இருக்கிறதே என்று தடுக்கிறவனை மெதுவாகத்தான் கொண்டுவருவான். இவன் சதுரப் பட்டனை அழுத்துவான். அழுத்துகிற நேரமும் கணக்கு: அடியில் ஓடும் பலக்கோடு பாதியைத் தாண்டும்போது விரலை எடுத்துவிட வேண்டும். பிறகு பந்து நேர்கோட்டில் போகும். அது வளையவும் மாட்டாது, இறங்கவும் மாட்டாது, இழுத்துவிட்ட கவண்கல் மாதிரிப் போகும். கோலி கையை வைப்பார். வைத்தாலும் பந்து கையோடு சேர்ந்து உள்ளே போய்விடும். சிலவேளை தட்டிவிடுவார், அந்தத் தட்டிய பந்துக்கு இன்னொருத்தன் ஓடி வந்துகொண்டிருப்பான்.

ஒருநாள் இரண்டு ஒன்றுவிட்ட சகோதரர்கள், ஆளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும், இதற்காகவே கொன்ரோலர் வயரால் ஒருவரையொருவர் இழுத்துப் பிடித்தார்கள். “அண்ணை, இவன் திரும்பவும் இன்ரரை எடுக்கிறான்! எடுக்கேலாது எண்டு சொன்னனான்தானே!” வயர் அறுந்தது. அன்று மாலையே சுவரில் ஒரு மட்டையில் எழுதி ஒட்டினேன்: அட்ரியானோவை எடுக்கக் கூடாது. மீறினால் மணித்தியாலத்துக்கு 60 ரூபாய்.

அட்ரியானோவை எடுப்பதற்காகவே 60 ரூபாய் தரத் தொடங்கினார்கள். பிழைப்பு அப்படித்தான் ஓடியது.

உண்மையிலும் அவர் அவ்வளவு பெரிய ஆளா?

2004, 2005 இல் ஆம். தென்னமெரிக்க நாடுகள் மோதும் 2004 கோப்பா அமெரிக்கா இறுதியில் ஆர்ஜென்ரினா வெல்லப் போகிறது என்று எல்லோரும் நினைத்த கடைசி நிமிடத்தில் கோல் அடித்துச் சமன் செய்தார். பிறகு பெனால்ட்டியில் பிரேசில் வென்றது. அந்தத் தொடரில் கூடுதல் கோல் அடித்தவரும் அவர்தான், சிறந்த வீரரும் அவர்தான். அடுத்த வருடம் கொன்ஃபெடரேசன் கோப்பையிலும் அதே கதை. இத்தாலியில் அவரை ‘சக்கரவர்த்தி’ என்றே கூப்பிட்டார்கள்.

ஆனால் கோப்பா அமெரிக்கா முடிந்த கையோடு அவருடைய தகப்பன் இறந்துபோனார். அதற்குப் பிறகு மனம் உடைந்து, குடியில் விழுந்து, ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விட்டுப் போனது. அவரே பின்னாளில் இதை ஒளிக்காமல் பேசியிருக்கிறார். எங்கள் பெடியள் ‘99, 99’ என்று கத்திக்கொண்டிருந்த அந்த 2006 ஆம் ஆண்டு அட்ரியானோ, உண்மையில் இறங்குமுகத்தில் இருந்த அட்ரியானோ. கேம் செய்தவர்கள் அவருடைய நல்ல காலத்தைப் பிடித்துச் சீடிக்குள் அடைத்துவிட்டார்கள்.

சரி, உங்கள் கடையை விடுங்கள். உலகக் கணக்கில் முதலாம் ஆள் யார்?

போ ஜக்சன். எங்கள் ஊரில் யாருக்கும் இந்தப் பெயர் தெரியாது, அதனால் கொஞ்சம் விளக்க வேண்டும்.

அமெரிக்கக் கால்பந்து என்று ஒன்று இருக்கிறது. பெயர்தான் கால்பந்து, உள்ளே போனால் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதுதான் வேலை. எதிரணிக்காரன் பாய்ந்து விழுத்துவான். எங்கள் கிளித்தட்டும் கபடியும் சேர்ந்த மாதிரி, தலையில் கவசத்தோடு. 1991 கடைசியில் நின்ரெண்டோ பெட்டிக்கு ரெக்மோ சூப்பர் போல் என்ற கேம் வந்தது. அதில் லொஸ் ஏஞ்சல்ஸ் ரைடர்ஸ் அணியின் ஓட்டக்காரர் போ ஜக்சன். அவருக்குக் கொடுத்த ஓட்ட வேகத்தை மற்ற பதினொரு பேரும் சேர்ந்தாலும் பிடிக்க முடியாது. ஒரு பக்கம் ஓடி, திரும்பி மறுபக்கம் ஓடி, துரத்துகிறவர்களை வால் மாதிரிப் பின்னால் இழுத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றலாம். ஒரே ஓட்டத்தில் ஒரு கால்பகுதி ஆட்டநேரம் முழுவதையும் தின்று தீர்த்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காட்சிகளை யூரியூப்பில் பாருங்கள். எங்கள் வயலில் அவிழ்ந்துபோன நாம்பன் மாட்டைப் பத்துப்பேர் துரத்துகிற மாதிரியே இருக்கும்.

அவரை ஏன் அட்ரியானோவுக்கு மேலே வைக்கிறேன்? அட்ரியானோவைத் தடுக்க ஒரு வழியாவது உண்டு: பந்து அவர் காலுக்கு வராமல் பார்த்துக்கொள்வது. போ ஜக்சனிடம் பந்து கையில் கொடுக்கப்படுகிறது. கொடுப்பதை எப்படித் தடுப்பீர்கள்? எதிராளி எந்தத் திட்டத்தைத் தெரிவுசெய்கிறான் என்பதை நீங்கள் சரியாக ஊகித்து அதே திட்டத்தைத் தெரிவுசெய்தால் மட்டுமே கொஞ்சம் தப்பலாம். அது திறமை இல்லை, அதிட்டலாபச் சீட்டு.

உண்மையான போ ஜக்சனும் மனிதரில் ஒரு தனிப் பிறவிதான். ஒரே காலத்தில் அமெரிக்கக் கால்பந்தும் பேஸ்போலும் உச்சத்தில் ஆடி, இரண்டிலும் நட்சத்திர அணிக்குத் தெரிவானவர். கால்பந்தில் ஆடியது நாலே பருவம், 38 ஆட்டம். 1991 ஜனவரியில் ஒரு ஆட்டத்தில் இடுப்பு மூட்டு உடைந்தது. கால்பந்து அத்தோடு முடிந்தது. திகதியைக் கவனியுங்கள்: இடுப்பு உடைந்தது ஜனவரியில், கேம் வந்தது அந்த வருடக் கடைசியில். பிள்ளைகள் கேமுக்குள் அவரை ஓடவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தபோது அவருடைய கால்பந்து ஓட்டம் முடிந்துபோயிருந்தது. பிறகு செயற்கை இடுப்பு வைத்துக்கொண்டு 1993 இல் பேஸ்போலுக்குத் திரும்பி, திரும்பிய முதல் அடியிலேயே ஹோம் ரன், கிரிக்கெட்டில் சிக்சர் மாதிரி, அடித்தார். அது வேறு கதை.

மைக்கல் விக் என்ற பெயரும் அடிபடுகிறதே?

அடிபடத்தான் வேண்டும். அதே அமெரிக்கக் கால்பந்து, மடன் 2004 என்ற கேம். பந்தை எறிகிற இடத்தில் நிற்பவர்கள் பொதுவாக மெதுவாக ஓடுகிறவர்கள். விக்கும் எறிகிறவர்தான், ஆனால் ஓட்ட வேகம் 95. எறிவாரா, ஓடுவாரா என்று தெரியாமல் தடுக்கிறவர்கள் நடுவில் நின்று முழிப்பார்கள். அந்தக் கேமின் அட்டையிலும் அவர் படம்தான். கேம் கடைக்கு வந்த அதே 2003 ஓகஸ்ட்டில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் உண்மை விக்கின் கால் முறிந்தது. ‘அட்டைப்படச் சாபம்’ என்று அமெரிக்கர்கள் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். எனக்குச் சாபத்தில் நம்பிக்கை இல்லை. உச்சத்தில் இருக்கிறவனைத்தான் அட்டையில் போடுவார்கள், உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தானே.

எல்லோருக்கும் கால் கை முறிகிறதே, இது என்ன கணக்கு?

நானும் யோசித்திருக்கிறேன். நியூசிலாந்து றக்பி வீரர் ஜோனா லோமுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1995 உலகக் கிண்ண அரையிறுதியில், கேப் டவுனில், இங்கிலாந்துக்கு எதிராக நாலு ட்ரை வைத்தவர். ட்ரை என்றால் பந்தோடு ஓடிப்போய் எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைப்பது. அதில் ஒன்றில் மைக் கட் என்ற வீரர் குறுக்கே வந்தபோது லோமு விலகவே இல்லை. அவருக்கு மேலாலேயே போனார். 1997 இல் அவர் பெயரிலேயே ஒரு பிளேஸ்ரேசன் கேம் வந்தது. அப்போதே சிறுநீரக நோய் அவர் உடம்பைத் தின்னத் தொடங்கியிருந்தது. 2015 இல், 40 வயதில் போய்விட்டார்.

உடம்பால் செய்யக்கூடியதன் எல்லைக்குப் போகிறவனைத்தான் கேமால் அளக்க முடிவதில்லை. எல்லையில் ஓடுகிற உடம்புதான் சீக்கிரம் உடைவதும். என் கணக்கு அவ்வளவுதான். மருத்துவர்களிடம் கேட்டால் வேறு சொல்வார்கள்.

மைக் டைசன்?

இவரை நீங்கள் எடுக்க முடியாது, இவர்தான் உங்களை எடுப்பார். 1987 இல் அவர் பெயரோடு வந்த நின்ரெண்டோக் குத்துச்சண்டைக் கேமில் நீங்கள் ஒரு நறுங்கல் பெடியன். ஒவ்வொருத்தராகத் தோற்கடித்துப் போனால் கடைசியில் டைசன் நிற்பார். முதல் ஒன்றரை நிமிடம் அவருடைய மேல்குத்து ஒன்று பட்டாலே நீங்கள் தரையில். ஒரு குத்து, அவ்வளவுதான். நான் பல வருடம் கழித்துப் போனில் போட்டுப் பார்த்தேன், இரண்டு கிழமை முயன்றும் ஒருமுறைகூட வெல்லவில்லை.

டைசனோடு செய்த ஒப்பந்தம் முடிந்ததும் நின்ரெண்டோ 1990 இல் அவருடைய முகத்தை எடுத்துவிட்டு ‘மிஸ்டர் டிரீம்’ என்று வேறொரு முகத்தை ஒட்டியது. குத்து மட்டும் அதே குத்து. அதே வருடம் பெப்ரவரியில் உண்மை டைசனை பஸ்டர் டக்ளஸ் என்பவர் விழுத்தினார். கேமுக்குள் விழுத்த முடியாமல் தவித்த பிள்ளைகளுக்கு அன்று எப்படி இருந்திருக்கும்!

கிரிக்கெட் இல்லாமல் என்ன பட்டியல்? சனத் எங்கே? முரளி எங்கே?

இது கூடுதலாகக் கேட்கப்படும் கேள்வி. கொஞ்சம் வலிக்கிற பதில்தான்.

எங்கள் பக்கத்தில் கிரிக்கெட் கேம் என்றால் ஈஏ கம்பனியின் கிரிக்கெட் 07. அதற்குப் பிறகு அந்தக் கம்பனி கிரிக்கெட்டையே விட்டுவிட்டது. இருந்தும் தென்னாசியா முழுவதும் அந்த ஒரு சீடியை வைத்துக்கொண்டு ரசிகர்களே புதுச் சட்டை, புதுப் பெயர், புது முகம் என்று ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். ஒட்டுப்போடக் காரணம் இருந்தது: அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும்தான் முறையான அனுமதி. மற்ற நாட்டு வீரர்கள் கோணல் பெயர்களோடு நிற்பார்கள்.

அதில் அடக்க முடியாத ஆள் யாரும் இல்லை. ஏனென்றால் எல்லோருமே அடக்க முடியாதவர்கள். பட்டனை நேரத்துக்கு அழுத்தப் பழகிவிட்டால் பதினொராவது ஆளும் மைதானத்துக்கு வெளியே அடிப்பார். சனத் ஜயசூரிய 1996 இல் உலகத்துக்கே புதிதாகக் காட்டியதை, என் கடையில் எவனும் எவரைக் கொண்டும் பத்து ஓவருக்குள் செய்வான். 200 ஓட்டம் எடுத்துவிட்டுக் கொட்டாவி விடுவான்.

முரளிக்கு நடந்தது அதைவிட அநியாயம். 800 ரெஸ்ட் விக்கெட், 534 ஒருநாள் விக்கெட். அவருடைய பலம் எது? பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று மட்டையோடு நிற்பவனுக்குக் கையைப் பார்த்துத் தெரியாது. கேமில் என்ன செய்கிறார்கள்? பந்து விழப்போகும் இடத்தில் முன்கூட்டியே ஒரு வட்டத்தைப் போட்டுக் காட்டுகிறார்கள். வினாத்தாளோடு விடையையும் சேர்த்துக் கொடுத்தால் எந்தப் பரீட்சை கடினம்? மந்திரவாதியின் சட்டைக் கையை வெட்டிவிட்டு வித்தை காட்டச் சொன்ன மாதிரி.

பிரையன் லாரா பெயரில் கேம்கள் வந்தன. 1994 இல் இரண்டே மாத இடைவெளியில் ரெஸ்ட்டில் 375 உம், வார்விக்‌ஷயருக்காக ஆட்டமிழக்காமல் 501 உம் அடித்தவருக்கு அது தகும். ஆனால் அவருடைய கேமிலும் அவரை எடுத்தால்தான் வெல்லலாம் என்றில்லை. டொன் பிரட்மன் பெயரிலும் 2014 இல் ஒன்று வந்தது. அவருடைய ரெஸ்ட் சராசரி 99.94. கேம்களின் உச்ச இலக்கத்தைவிடக் கிட்டத்தட்ட ஒன்று கூட! உண்மை வாழ்க்கையிலேயே இலக்கத்தை உடைத்தவர் அவர் ஒருவர்தான் என்று தோன்றும்.

கூடைப்பந்தில் மைக்கல் ஜோர்டான்தானே?

என்பிஏ ஜாம் என்ற 1993 கேமில் அவர் இல்லவே இல்லை. அவருடைய பெயருக்கும் முகத்துக்கும் தனி அனுமதி வேண்டியிருந்தது. அவருடைய சிக்காகோ அணி மட்டும் இருந்தது, அதற்கும் ஒரு ஆப்பு வைத்திருந்தார்கள். கேமைச் செய்த மார்க் டர்மெல் எதிரணியான டிற்றொயிட்டின் ரசிகர். டிற்றொயிட்டோடு ஆடும்போது சிக்காகோவின் கடைசி நேர எறிகள் விழாமல் போகும்படி கேமுக்குள்ளேயே எழுதிவிட்டதாக அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். நடுவரையே வீட்டில் வளர்த்த மாதிரி.

உண்மையில் கேமைத் திணறடித்தவர் ஸ்டெஃபன் கறி. வட்டத்துக்கு வெளியே வெகுதூரத்தில் இருந்து எறிவது எந்தக் கேமிலும் தண்டிக்கப்பட வேண்டிய காரியம். இல்லாவிட்டால் எல்லோரும் அதையே செய்வார்கள். கறி அந்தத் தண்டிக்கப்பட வேண்டிய காரியத்தை நிசத்திலேயே செய்து, 2015–16 பருவத்தில் 402 மூன்று புள்ளிக் கூடைகள் போட்டார். முந்திய சாதனை 286, அதுவும் அவருடையதுதான். அவரைச் சரியாகக் கேமுக்குள் வைப்பது பெரும்பாடு என்று 2கே என்ற கூடைப்பந்துக் கேமைச் செய்கிறவர்களே வாய்விட்டுச் சொன்னார்கள்.

வேகக்காரர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

உதைபந்தாட்டக் கேம்களில் வேகம் எப்போதுமே அளவுக்கு மீறிய மருந்து. பழைய காலத்தில் நைஜீரியாவின் ஒபாஃபெமி மார்ட்டின்ஸ், ஃபிஃபா 20 காலத்தில் அடாமா ட்ரயோரே, வேகம் 96. பிறகு எம்பாப்பே, ஃபிஃபா 22 இலிருந்து 97. இதில் எம்பாப்பே மட்டும் வேகத்தோடு மற்ற எல்லாமும் உள்ளவர். அதனால் அவரைப் பார்த்துக் கோபம் வராது, பொறாமைதான் வரும். அடாமாவைப் பார்த்துத்தான் கோபம் வரும். அவர் ஓடிக் கடந்தால் முடிந்தது, கடைசியில் பந்தை எங்கே அடிப்பார் என்பது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

ரொபேர்ட்டோ லார்க்கோஸ் யார்? அண்ணன் எப்போதும் அந்தப் பெயரைச் சொல்வார்.

பிரேசில் வீரர் ரொபேர்ட்டோ கார்லோஸ்தான். பழைய சொக்கர் கேம்களில் அனுமதி இல்லாத வீரர்களின் எழுத்தை இடம்மாற்றிப் போடுவார்கள். எங்கள் பக்கத்தில் பலருக்கு அந்தப் பொய்ப் பெயர்தான் முதலில் தெரியும், நிசப் பெயர் பிறகுதான். அதே கேம்களில் ஒரு அணியைப் பருவம் பருவமாக வளர்க்கிற மாஸ்டர் லீக் என்ற பகுதியில் காஸ்டோலோ, மினண்டா, சிமெலெஸ் என்று ஒன்றுக்கும் உதவாத ஒரு கூட்டத்தைக் கொடுத்துத்தான் தொடங்கச் சொல்வார்கள். அவர்கள் நிசமாகவே இல்லாத ஆட்கள். ஆனால் மினண்டா எங்கோ பிரேசிலில் இருக்கிறார் என்று இன்றும் நம்புகிற ஒருத்தர் பரந்தனில் இருக்கிறார். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

டோ மடைரா?

அவரும் பொய். உதைபந்தாட்ட அணியை நிர்வகிக்கிற சம்பியன்சிப் மனேஜர் 01/02 கேமில் கோல் குவித்த போர்த்துக்கீசப் பெடியன், தேடிப் போனால் அப்படி ஒரு வீரனே இல்லை. அதே கேமின் செர்னோ சம்பா உண்மை ஆள். கேமில் உலக நட்சத்திரம், வாழ்க்கையில் சாதாரண ஆட்டக்காரர்.

பெண்கள் யாரும் இல்லையா?

ஃபிஃபாவில் பெண்கள் அணி வந்ததே ஃபிஃபா 16 இல்தான், அதுவும் 12 நாட்டு அணிகள் மட்டும். ஆகவே பழங்கதை சொல்ல இன்னும் காலம் போதாது.

ஆனால் ஒரு பெயரைச் சொல்லாமல் போக மாட்டேன். தர்ஜினி சிவலிங்கம், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, உயரம் 6 அடி 10 அங்குலம், இலங்கை வலைப்பந்து அணி. 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் கூடுதல் கோல் போட்டவர் அவர். பந்தை உயரமாக அனுப்பு, தர்ஜினி பிடிப்பார், தர்ஜினி போடுவார். எதிரணி குதித்துப் பார்க்கும். திட்டம் தெரியும், தடுக்கத்தான் தெரியாது. போ ஜக்சன் கேமில் செய்ததை இவர் நிசத்திலே செய்தார். வலைப்பந்துக்கு யாராவது ஒழுங்கான கேம் ஒன்று செய்தால் முதல் நாளே என் சுவரில் இன்னொரு மட்டை ஒட்ட வேண்டிவரும்.

இப்போது போனில் எதைப் பார்க்கலாம்?

பழைய சொக்கர் கேம் 2021 இல் ஈஃபுட்போல் என்று பெயர் மாறி இலவசமாகிவிட்டது. கிரிக்கெட்டுக்கு வேர்ல்ட் கிரிக்கெட் சம்பியன்சிப். சென்னைக்காரர்கள் செய்தது, சின்னப் போனிலும் ஓடும். இலவசம் என்றால் உள்ளே காசு கேட்கும் என்று அர்த்தம். இப்போது அடக்க முடியாத ஆள் காசு கட்டினவன் கேமுக்குள் வைத்திருக்கும் வீரர் அட்டைதான். அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

எங்கள் ஊர் ஆட்களுக்கு இலக்கம் போட்டுப் பார்த்ததுண்டா?

உண்டு. அந்தச் சொக்கர் கேமில் புது வீரனை நாங்களே உருவாக்கலாம். பெயர், உயரம், எந்தக் கால், ஒவ்வொன்றுக்கும் எத்தனை. முதலில் பெடியள் தங்களையே போட்டார்கள், எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் 99. பதினொரு அட்ரியானோ. இரண்டு நாளில் அலுத்துவிட்டது. பிறகு ஒருத்தன் மற்றவனுக்கு இலக்கம் போடத் தொடங்கினார்கள். “நீ ஓடினா நாய் கூட நடந்து வரும், உனக்கு 41.” அந்தக் கிழமை கடையில் இருந்த சண்டை அட்ரியானோவின் காலத்திலும் இல்லை.

அப்போது ஓட்டோ ஓடுகிற அண்ணை ஒருவர் பின்னேரங்களில் வந்து வாங்கில் இருந்து பார்ப்பார். யுத்தத்துக்கு முந்திய காலத்தில் முல்லைத்தீவுப் பக்கக் கழகம் ஒன்றுக்கு இடது ஓரத்தில் ஆடியவர். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. விளையாட மாட்டார், பார்ப்பார். அட்ரியானோ அடித்தால் மட்டும் “அது சரி” என்பார்.

ஒருநாள் பெடியள் “அண்ணை, உங்களையும் போடுவமா?” என்று கேட்டார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சரி என்றார். பெயர் போட்டார்கள். வயதுக்கு 24 சொன்னார். உயரம் சொன்னார். உதையின் பலத்துக்குப் பெடியன் பட்டனை அழுத்திப் பிடித்து 99 க்கு ஏற்றினான்.

“இறக்கு,” என்றார். “85. எனக்கு அவ்வளவுதான் இருந்தது.”

ஓட்டம் 82. தலையால் அடிப்பது 60, அதில் ஒரு சிரிப்பு. ஃப்ரீ கிக் 90, அதை மட்டும் குறைக்க விடவில்லை. கடைசியில் எந்தக் கால் என்று திரை கேட்டது. பெடியன் அவரைத் திரும்பிப் பார்த்தான்.

“இடது,” என்றார்.

சேமிக்கப் போனால் மெமரி காட்டில் இடம் இல்லை. ஒருத்தன் தன்னுடைய மாஸ்டர் லீக்கை, மூன்று மாதமாக ஆடி வைத்திருந்ததை, அழித்து இடம் விட்டான். அந்தக் காட் இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. அட்ரியானோவைத் தடுத்து எழுதிய மட்டையும் இருக்கிறது, ஒரு மூலையைக் கறையான் தின்றுவிட்டது.